ஸ்டெல்லாவின் பெருவிரல்

இன்று மாலை பிரஷ்ஷைத் துடைக்கப் பனியன் வேஸ்ட் துணியில் டர்பன்டைனை ஊற்றினேன். அந்த வாடை என்னை ஒன்பதாம் வகுப்புக்கு இழுத்துப் போய்விட்டது.

தூத்துக்குடியிலிருந்து எங்கள் ஊருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம், என் வகுப்புத் தோழி ஸ்டெல்லாவுடையது. நாங்கள் இருவரும் ஞாயிறுதோறும் எங்கள் மாடி அறையில் ஆயில் பெயின்டிங் பழகினோம். நான் என் அம்மாவை வரைந்தேன்.

அப்பாவின் பிரிண்டிங் பட்டறையில் பனியன் மேல் ஒரு நிறம் அடித்ததும் சூட்டுக்காற்று ஊதிக் காயவைத்து, உடனே அடுத்த நிறத்தை அடிப்பார்கள். நானும் அப்படியே செய்தேன். அம்மாவின் கன்னம் பாலாடைபோலச் சுருங்கிவிட்டது.

“ஏட்டி, இது என்ன பனியனா? மேல காஞ்சிருக்கும், அடி ஈரமாத்தான் கெடக்கும்” என்று ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே அதைச் சுரண்டி எடுத்தாள். முதலில் மெல்லிய பூச்சு, அது காய்ந்த பின்பே எண்ணெய் கூடிய பூச்சு என்பது அவள் நூலகப் புத்தகத்தில் படித்தது. வாராவாரம் படத்தின் ஓரத்தில் விரல் வைத்து ஈரம் பார்ப்போம்.

ஒருநாள் அவள், படத்தில் என் அம்மாவின் நீலச்சேலை மேலேயே பெருவிரலை வைத்துவிட்டாள். ரேகை அப்படியே பதிந்தது.

“கெடுத்துப்போட்டயே! இனி எங்க ஊட்டுப் பக்கமே வராதே” என்று கத்தினேன்.

அவள் வரவில்லை. அரையாண்டு லீவில் குடும்பத்தோடு ஊருக்கே போய்விட்டாள். அப்போது எங்கள் இருவரிடமும் செல்போன் கிடையாது.

அந்த ரேகையை மறைக்க நீலத்தின் மேல் நீலமாக மூன்று பூச்சுப் பூசினேன்.

சுவரில் அம்மாவின் படத்தின் மேல் சாய்ந்த வெயில் விழுகிறது. சேலையில் ரேகை தெரிகிறது. நல்லவேளை, அன்று எனக்குச் சரியாகப் பூசத் தெரியவில்லை.