ஜனாதிபதி மேல் படாத குண்டு

இன்று காலை பாகூர் கடைத்தெருவில் பாய் கடைக்கு உப்பு வாங்கப் போனேன். படிக்கத் தெரிந்தவன் என்பதால் பேப்பரை என் கையில் திணித்துவிட்டார்கள்.

பாரீசில் வண்டியில் போன பிரெஞ்சு ஜனாதிபதியை ஒருவன் துப்பாக்கியால் சுட்டிருக்கிறான். குண்டு அவர்மேல் படவில்லை.

"நல்லவேளை, தப்பிச்சாரு" என்றேன்.

பாய் தராசைக் கீழே வைத்தார். "அங்க எலெக்ஷன் எப்போ?"

"அது போடலியே பாய்."

"போன எலெக்ஷன்ல நம்ம மிராசுதார் வண்டி மேல கல்லு வுழுந்துச்சே, எந்தப் பக்கம் வுழுந்துச்சி?"

"காலியா இருந்த பக்கம்!" கடையில் நின்ற அத்தனை பேரும் சொன்னார்கள்.

"அந்தப் பரிதாபத்துலதான ஜெயிச்சாரு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கேயோ இருக்கிற ஜனாதிபதியையும் நம் ஊர் மிராசுதாரையும் ஒரே தராசில் வைப்பதா என்று சண்டைக்குப் போனேன்.

அந்த நேரம் பார்த்து மிராசுதாரின் வண்டிக்காரர் வந்தார்.

"அந்தப் பேப்பரை ஐயா வாங்கியாரச் சொன்னாரு. எவ்ளோ தூரத்துல நின்னு சுட்டான்னு போட்டிருக்கான்னும் கேட்டாரு."

பாய் என்னைப் பார்த்துக்கொண்டே தராசைக் கையில் எடுத்தார்.

வண்டிக்காரர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "வண்டி ஓட்டுனவனுக்கு ஒண்ணும் ஆவலியே?"

மறுபடி முழுக்கப் படித்தேன். அவனைப் பற்றி ஒரு வரி இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை இங்கே எலெக்ஷன். உங்களில் யார் வாங்கும் பேப்பரிலாவது அந்த ஒரு வரி இருக்கிறதா?