எரியாத கைகள்

2000களின் கடைசி வருடங்கள் அவை. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் அறுவைசிகிச்சை வார்டில் நானும், பிறகு என் நெருங்கிய தோழியான அவளும் கான்ட்ராக்ட் நர்ஸாக ஒரே வாரத்தில் சேர்ந்தோம். நான் வில்லியனூருக்கு அப்பால் கரும்பு போடுகிற வீட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவளுக்கு வீடு முத்தியால்பேட்டையில், இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய தெருவில். ஞாயிற்றுக்கிழமை காலை டூட்டி என்றால் சர்ச்சில் முதல் பூசை முடித்துவிட்டு, தலை ஈரம்கூடக் காயாமல் வந்து நிற்பாள். எதையும் கொஞ்சம் கூடுதலாகவே செய்கிற சுபாவம். நான் சரிபார்த்து வைத்த மருந்தை அவளும் ஒருமுறை சரிபார்ப்பாள். எனக்குக் கோபம் வரும்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில், ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் சார் ஒருவர் எங்கள் பயிற்சி அறைக்கு அந்தக் கருவியைக் கொண்டுவந்தார். கைச் சுத்தத்தில் நர்சுகளைப் பழக்குவதற்காக அவரும் அவருடைய மாணவர்களும் செய்த மெய்நிகர் வார்டு. தலையில் மாட்டிக்கொள்ள ஒரு கனமான பெட்டி, அதற்குள் கண்ணுக்கு நேராக இரண்டு சின்னத் திரை, அதிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் தடித்த ஒயர், கைகளில் பிடித்துக்கொள்ள பட்டன் வைத்த பிடிகள். அதற்கு அவர் நீளமாக ஒரு ஆங்கிலப் பெயர் சொன்னார். நாங்கள் ‘ஹெல்மெட்’ என்றோம். அன்று மாலைக்குள் அவரும் ஹெல்மெட் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஒருத்தி மாட்டிக்கொண்டால் இன்னொருத்தி பின்னால் நின்று ஒயரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு அவள், அவளுக்கு நான். முதலில் நான் மாட்டினேன். பொம்மைப் படம் போல ஒரு வார்டு தெரிந்தது. கட்டில், அதில் ஒரு கிழவர், மூலையில் வாஷ்பேசின், கட்டிலின் கால்மாட்டில், தண்ணீரில்லாமல் கையில் தேய்த்துக்கொள்ளும் ஸ்பிரிட் கலந்த ஹேண்ட் ரப் பாட்டில். குனிந்து பார்த்தால் என் கைகள் இருக்க வேண்டிய இடத்தில் வேறு யாருடையவோ இரண்டு கைகள், வழவழவென்று, ஒரு ரேகை இல்லாமல். தலை சுற்றியது. பிடித்துக்கொள்ளலாம் என்று கட்டில் கம்பியை நோக்கிச் சாய்ந்தேன். கம்பி அங்கே இல்லை. சார் மேலேயே போய் விழுந்தேன்.

தன் முறை வந்தபோது அவள் தடுமாறவே இல்லை. “தாத்தா, பல்ஸ் பாக்கணும், கையக் குடுங்க” என்று அந்தப் பொம்மைக் கிழவரிடம் சத்தமாகக் கேட்டாள். அறை முழுக்கச் சிரிப்பு.

கையைச் சுத்தம் செய்யாமல் எதையாவது தொட்டால் அந்தக் கையில் பச்சையாக ஒரு திட்டு வரும். பிறகு அந்தக் கை படுகிற இடமெல்லாம் பச்சை. குழாய், கட்டில் கம்பி, கிழவரின் வயிற்றுக் கட்டு, எல்லாம். நான் முடித்தபோது என் வார்டு நாற்றங்கால் மாதிரி இருந்தது. அவளுடைய வார்டில் ஒரு பொட்டுகூட இல்லை. ஒவ்வொரு முறையும் பேசினுக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினாள், திரும்பி வந்து ரப்பும் தேய்த்தாள். ஏதாவது ஒன்று போதும். ஆனால் இரண்டையும் செய்தால் கருவி ஒன்றும் சொல்லாது. முழு மதிப்பெண் போட்டது.

வார்டிலும் அவள் அப்படியே செய்ய ஆரம்பித்தாள். நாங்கள் எல்லோருமே கொஞ்ச நாள் பயத்தோடு கை கழுவினோம். பிறகு எங்களுக்கு அந்தப் பயம் தேய்ந்துபோயிற்று. அவளுக்குத் தேயவில்லை.

மார்கழியில் அவள் மதியச் சாப்பாட்டை ஸ்பூனால் சாப்பிடுவதைப் பார்த்தேன். அவளுடைய சித்தி ஒருத்தி பிரான்சில் இருக்கிறாள். “என்னாடி, சித்தி வூட்டுக்குப் போறதுக்கு இப்பவே பழகுறியா?” என்று கிண்டல் செய்தேன். சிரித்தாள்.

பொங்கல் கழிந்ததும் தொற்றுக் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்ளும் மூத்த சிஸ்டர் எங்கள் வார்டுக்கு வந்து, ஓரமாக நின்று, யார் எப்போது கை சுத்தம் செய்கிறார்கள் என்று கவனித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் ஹெல்மெட் மறுபடியும் வந்தது. அவள் மறுபடியும் முழு மதிப்பெண் வாங்கினாள். ஆனால் சிஸ்டர் வார்டில் பார்த்தது வேறு. அவள் ஹேண்ட் ரப் பக்கமே போகவில்லை. காய்ச்சல் பார்க்கவும் கையுறை, தலையணையைச் சரிசெய்யவும் கையுறை. ஒரே கையுறையோடு இரண்டு மூன்று கட்டில்.

சிஸ்டர் திட்டவில்லை. குழம்பிப்போயிருந்தார். “ஏம்மா, இதுல இவ்ளோ நல்லா செய்யறே. அங்க ஏன் செய்ய மாட்டேங்கிறே?” என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வரும்போது யாரோ ஒருத்தி, “அவளுக்கு ஹெல்மெட் மாட்டினாதான் கை கழுவ வரும்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த நாட்களில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிற ஒருவர் குடலிறக்க அறுவைசிகிச்சைக்காக எங்கள் வார்டில் இருந்தார். குரல் ஏலக் குரல்தான். தண்ணீர் கேட்டால் கீழ்மாடி வரை கேட்கும். அவருக்குக் காயத்தில் சீழ் பிடித்தது. இரண்டு தையலைப் பிரித்து தினமும் கட்டுப் போட வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போகிற நாள் தள்ளிக்கொண்டே போனது. அவருக்குக் கட்டு மாற்றியவர்களில் அவளும் ஒருத்தி.

ஒரு மதியம் போர்வைகள் அடுக்கும் அறையில் அவள் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்தினேன்.

“அந்த அண்ணனுக்கு என்னாலதான் ஆச்சு” என்றாள்.

“என்னாடி உளர்ற?”

அவள் கையுறைகளைக் கழற்றினாள். உள்ளே வியர்வையில் ஊறி வெளுத்த கைகள். விரல் மடிப்புகளில் எல்லாம் வெடிப்பு, கணுக்களின் மேல் தோல் உரிந்து ரத்தச் சிவப்பு. விரலை நீட்டினால் பிளவு திறந்துகொண்டது. என்னால் பார்க்க முடியவில்லை.

“ரப் பட்டா நெருப்பு வெச்ச மாதிரி எரியுதுடி. ஒருவாட்டி தேச்சிட்டு கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. அப்பறம் பயந்துட்டேன். அந்த ஹெல்மெட்டு வேற மண்டையிலருந்து போவ மாட்டேங்குது. எதத் தொட்டாலும் பச்சையாத் தெரியுது. தொடறேன், பச்சை. அந்த அண்ணன் வயித்த பாக்கறேன், அதுவும் பச்சை.”

“ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“பெர்மனென்ட் போடப் போறாங்கன்னு பேசிக்கறாங்க இல்ல? மெடிக்கல் ஃபிட்னஸ் கேப்பாங்க. இந்தக் கைய வெச்சிகிட்டு எவன் நர்ஸுன்னு எடுப்பான்?”

அந்தப் பயம் எனக்கும் புரிந்தது. அந்த வருடம் நாங்கள் எல்லோருமே ஒரு தலைவலியைக்கூட மறைத்துக்கொண்டுதான் வேலைக்கு வந்தோம். “சிஸ்டர்கிட்ட போலாம், நான் கூட வரேன்” என்று மட்டும் சொன்னேன். முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மூத்த சிஸ்டர் அவள் கைகளைத் தன் மேசை விளக்கின் கீழ் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள்தான் ஏலக்காரரின் காயத்தைப் பற்றிச் சொன்னாள். தன் கையிலிருந்துதான் போயிருக்கும் என்றாள்.

“இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம். எத்தினி பேர் கை பட்டிருக்கு அவர் மேல. யார் கையிலருந்து போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது” என்றார் சிஸ்டர். பொய்யாக ஆறுதல் சொல்லாமல் அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு, “நான் அன்னிக்கு உன் கையப் பாத்துட்டே நின்னேன். கையுறையத்தான் பாத்தேன்” என்றார்.

அவரே தோல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் காயும் முன்னே ரப் தேய்த்து, அதன்மேல் கையுறை மாட்டியதுதான் தோலை அரித்துவிட்டது என்றார் மருத்துவர். அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தால் சோப்பு, மற்ற நேரம் ரப் மட்டும் போதும். களிம்பு தந்தார். கை ஆறும்வரை நோயாளிகளைத் தொடக் கூடாது என்றும் சொன்னார். அவளை அறுவைசிகிச்சைக் கருவிகளைக் கட்டி அடுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். இத்தோடு வேலை போய்விடும் என்று அவள் நம்பிக்கை இழந்திருந்தாள். ஆனால் சம்பளம் நிற்கவில்லை, வேலையும் போகவில்லை. அதற்காக சிஸ்டர் யார் யாரிடம் பேசினார் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

ஏலக்காரர் வீட்டுக்குப் போய், காயத்தைக் காட்ட வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்த நாளில் அவள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. “அண்ணே, எனக்குக் கையில புண்ணு. சரியா சுத்தம் பண்ணாம உங்களுக்குக் கட்டுப் போட்டேன். அதனாலகூட சீழ் வெச்சிருக்கும்” என்று நின்றபடியே சொல்லிவிட்டாள்.

அவர் முகம் கறுத்தது. வலியோடு படுத்திருந்தவர் அவர்தானே, கோபப்பட உரிமை உண்டு. “மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல நீ?” என்றார். அந்த ஏலக் குரல் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். பிறகு, “கையக் காட்டு” என்றார். பார்த்தார். “ஐஸ்ல நிக்கற எங்காளுங்களுக்கும் இப்பிடித்தான் வெடிக்கும். உப்புத்தண்ணி பட்டா உசுரு போவும். ஆறிச்சா இப்போ?” என்றார். அவள் தலையாட்டினாள். “செரி, போ. பாத்து இரு” என்று சொல்லிவிட்டு, தன் முறை வந்ததும் எழுந்து போனார்.

கம்ப்யூட்டர் சாருக்கும் விஷயம் போயிற்று. அவர் ஓடி வந்தார். தன்னால் வந்த வினை என்பதுபோல உட்கார்ந்திருந்தார். “நான் வரைஞ்ச கைக்கு எரியாதே, அத யோசிக்கவே இல்லங்க” என்றார். கருவியில் இரண்டு மாற்றம் செய்யப் பார்த்தார். அளவுக்கு மீறிக் கழுவினால் கை சிவக்க வேண்டும் என்பது ஒன்று. அது சரியாக வரவில்லை. சிவப்பு, மருதாணி வைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது, சோப்புக்கு மேல் ரப்பும் போட்டால் ஒரு குரல் எச்சரிக்க வேண்டும். அந்தக் குரலுக்கு அவளையே பேசச் சொன்னார்.

பயிற்சி அறையில் ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் குரலைப் பதிவு செய்ய உட்கார்ந்தோம். “கை ஏற்கனவே சுத்தமாகிவிட்டது” என்று சார் எழுதித் தந்ததைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்குது சார் என்றாள். கடைசியில் அவர் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, “நீங்க உங்க ஃப்ரெண்டுகிட்ட எப்பிடிச் சொல்லுவீங்களோ அப்பிடிச் சொல்லுங்க” என்றார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“கை சுத்தமாத்தான் இருக்குது, வுடு. ரெண்டும் போடாத. எரிஞ்சா யார்கிட்டயாவது சொல்லு.”

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்தது. மறுபடியும் பேசவா என்று கேட்டாள். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றார் சார். கோடையில் அவள் வார்டுக்குத் திரும்பினாள். எங்கள் இருவருக்கும் நிரந்தர வேலை கிடைக்க இன்னும் ஒரு வருடம் ஆனது. அதற்குப் பிறகு புதிதாகச் சேர்ந்த பெண்கள் ஹெல்மெட்டைக் கழற்றியதும், உள்ளே யாரோ ஒரு அக்கா அதட்டுறாங்க என்று சொல்வார்கள். அவள் பக்கத்திலேயே ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.