மூன்று கொளஞ்சிகளுக்கு ஒரு கேட் பாஸ்

நெய்வேலிச் சுரங்கத்தில், ஓடும் பெல்ட்டுக்கு அடியே சிந்துகிற நிலக்கரியை வாரிப்போடும் காண்ட்ராக்ட் தொழிலாளி கொளஞ்சிநாதன். அந்தப் பெயர் வந்ததில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. விருத்தாசலத்துக் கொளஞ்சியப்பரை வேண்டிப் பெற்றால் பிள்ளைக்குச் சாமி பெயர்தான். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் வேண்டிக்கொண்டார்கள். விளைவு, ஒரே காண்ட்ராக்டரிடம் மூன்று கொளஞ்சிநாதன்கள்.

டைம்கீப்பர் ராமலிங்கம் இருந்தவரை சிக்கல் இல்லை. பீடி கொளஞ்சி, மொட்டை கொளஞ்சி, சைக்கிள் கொளஞ்சி என்று மனசுக்குள்ளேயே பிரித்து வைத்திருந்தார். நம்மவர் சைக்கிள். 2014இல் ராமலிங்கம் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போக, ஆபீசுக்குக் கம்ப்யூட்டரும் வினோலியாவும் வந்தார்கள். அந்தப் பெண் டேட்டாபேஸிடம் கேட்டது நியாயமான கேள்விதான்: பெயர்வாரியாகச் சேர்த்து, யார் எத்தனை ஷிஃப்ட் பார்த்தார் என்று கூட்டிச் சொல். சொன்னது. மூன்று பேரின் உழைப்பும் ஒரே கொளஞ்சிநாதன் தலையில் விழுந்தது. மூன்று ஷிஃப்டையும் ஒரே நாளில் முடித்துவிட்டுத் தூங்காமல் மறுநாளும் வருகிற மகா மனிதர் ஒருவர் உதித்தார். இப்படிப் பத்துப் பேர் இருந்தால் போதுமே என்று பூரித்து, மேனேஜர் செல்வநாதன் அந்தப் பட்டியலில் கையெழுத்திட்டார். அதன்படி புது கேட் பாஸ் வந்தது. ஒன்றே ஒன்று. முதலில் வந்த பீடி கொளஞ்சி வாங்கிப் போய்விட்டார்.

பாஸ் இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. தாண்டாதவருக்கு வேலை இல்லை.

"எம் பேரு எங்கம்மா?" என்று வினோலியாவிடம் கேட்டார் சைக்கிள் கொளஞ்சி.

"இருக்குங்கண்ணே. மூணு பேரும் ஒண்ணாயிட்டீங்க. பாஸ் நம்பர வச்சி குரூப் பண்ணியிருக்கணும், பேர வச்சிப் பண்ணிட்டேன்."

"அப்ப பிரிச்சி உடு."

"நான் பிரிச்சிடுவேன். சார் ஒத்துக்கணுமே."

சார் ஒத்துக்கொள்ளவில்லை. "மொத்த ஷிஃப்ட்டு டேலி ஆவுதுய்யா! தப்பு இருந்தா டேலி ஆவுமா?"

"ஆளு கொறையுதுங்களே," என்றார் கொளஞ்சிநாதன்.

"ஆளுக் கணக்கு யாரு கேட்டா?"

உண்மைதான். கூட்டச் சொன்னார்கள், கம்ப்யூட்டர் கூட்டியது. எத்தனை தலை என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்டில் சில நாள் நின்று பார்த்துவிட்டு, கொளஞ்சிநாதன் விருத்தாசலம் பஸ் ஏறினார். குறையைத் தாளில் எழுதிக் கட்டினால் சாமி விசாரிக்கும். பிராது கட்டுவது அந்தக் கோயிலின் வழக்கம். அங்கே மொட்டை கொளஞ்சி ஏற்கெனவே ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

"பேரு?" என்றார் பிராது எழுதுகிறவர்.

"கொளஞ்சிநாதன். அப்பா பேரு, ஊரு, பழைய பாஸ் நம்பரு எல்லாம் போட்டுடுங்க."

"சாமிக்கு எதுக்குய்யா பாஸ் நம்பரு?"

"இங்கயும் ஒண்ணா சேத்துடப் போறாங்க."