பதினோரு மணி புட்டிங்

1. டேப்போடு வந்த ஆள்

அன்று வியாழக்கிழமை. காலையில் கிச்சனுக்குள் நுழைகிறேன், யாரோ ஒருவர் குனிந்து என் ஓவனை டேப் வைத்து அளந்துகொண்டிருக்கிறார். நீளம், அகலம், உயரம் எல்லாம் பார்த்துவிட்டு, எழுந்து போய் வாசல் நிலையையும் அளந்தார். நிலையை எதற்கு அளக்கிறார் என்று யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஓவன் வெளியே போகப் போகிறது.

"நீங்க யாரு?" என்றேன்.

"சங்கரன்கோவில்ல புதுசா பேக்கரி போடுதேன்க்கா. இத வாங்கப் பேசி முடிச்சாச்சு. திங்கக்கெழம லாரி கொண்டாருதேன். நல்லா வச்சிருக்கிய, பாத்தாலே தெரியுது" என்றார் அவர். பாராட்டு வேறு.

குற்றாலத்தில் ஐந்தருவி போகிற சாலையில் இருக்கும் ஒரு ரிசார்ட்டில் பேக்கரி செக்‌ஷன் என் பொறுப்பு. சொந்த ஊர் இலத்தூர். வீட்டில் எல்லோரும் வயலுக்குப் போனபோது நான் கோயம்புத்தூருக்குப் போய் பேக்கரி வேலை கற்றுக்கொண்டு வந்தவள். இந்த ரிசார்ட் திறந்த நாளிலிருந்து அடுக்கடுக்காக ட்ரே ஏற்றுகிற அந்த டெக் ஓவனுக்கு நான்தான் தீ மூட்டுகிறேன். அதன் இடது மூலையில் சூடு கொஞ்சம் கூடுதல், ட்ரேயைப் பாதியில் திருப்பி வைக்க வேண்டும் என்பது என் கைக்குத் தெரியும்.

நேரே முதலாளியிடம் போனேன். தென்காசியில் பழைய நிலபுலன் உள்ள குடும்பம் அவருடையது. சென்னையில் இருந்துகொண்டு சீசனுக்கு மட்டும் வருவார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டால் யார் சொன்னாலும் காதில் ஏறாது.

"கோமதி, ஒனக்கு வேல ஒண்ணும் போவாது. ஆனா தெனமும் ட்ரே ட்ரேயா வீணாப் போவுதுல்லா? பன்னு, பிரெட்டு எல்லாம் தென்காசில வாங்கிக்கிடுவோம். நீ சப்பாத்திப் பக்கம் நில்லு."

சப்பாத்தி போடுவதை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் ராத்திரி பிசைந்து வைத்த மாவு, காலையில் துணியை விலக்கும்போது பொம்மென்று எழும்பி நிற்குமே, அதைப் பார்க்கத்தான் நான் இத்தனை வருடமாக முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறேன். அந்தச் சந்தோஷம் சப்பாத்திக் கல்லுக்கு முன்னால் எனக்குக் கிடைக்காது. ஓவன் போனால் நானும் போய்விடுவேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்து, அன்றைய பன் மாவைக் கொஞ்சம் அதிகமாகவே அறைந்தேன்.

2. இலத்தூர் மாடுகளின் காலை உணவு

முதலாளி சொன்னதில் பொய் இல்லை. வீணாகத்தான் போனது. ஏன் என்பதை இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

குரோசான்ட் என்பது மாவுக்கு நடுவில் வெண்ணெய் வைத்து மடித்து மடித்துத் தேய்த்துச் சுடுகிற பிறை வடிவ பன். கடித்தால் பொரபொரவென்று உதிர வேண்டும். டேனிஷும் அதே சாதிதான், நடுவில் பழமோ ஜாமோ இருக்கும். மற்ற ஊரில் இவை மத்தியானம் வரை தாங்கும். குற்றாலத்தில் சாரல் அடிக்கிற மாதங்களில் ஜன்னலைத் திறந்து வைத்தால் உப்பே தண்ணீராகிவிடும். பஃபே மேசையில் வைத்த ஒரு மணி நேரத்தில் குரோசான்ட் நமுத்துப்போகும்.

அந்த ஒரு மணி நேரத்தில் சாப்பிட ஆள் வர வேண்டுமே. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் விடிந்ததும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு ஓடுகிறவர்கள். வெறும் வயிற்றில் குளித்தால்தான் குளித்த மாதிரி இருக்கும் அவர்களுக்கு. வரிசையில் நின்று, போலீஸ் விசில் அடித்து விரட்டும் வரை தலையைக் காட்டிவிட்டு, ரிசார்ட்டுக்குத் திரும்பும்போது பதினொன்று ஆகியிருக்கும். எங்கள் பஃபே பத்து மணிக்கு மூடிவிடும். முதலாளி சென்னையிலிருந்து கொண்டுவந்த சட்டம் அது. நேரம் என்றால் நேரம்.

பத்தரைக்கு எங்கள் பால்காரர் சுடலைமுத்து காலி கேனோடு வந்து மிஞ்சியதை எல்லாம் அள்ளிக்கொண்டு போவார். "எங்க ஊட்டு மாடு இப்பல்லாம் புண்ணாக்க மோந்துகூடப் பாக்க மாட்டேங்குது மதினி" என்று வேறு சொல்வார். வெண்ணெய் போட்டு இருபத்தேழு அடுக்கு வர மடித்த சரக்கு, இலத்தூர் மாட்டுக்குக் காலை டிபன்.

கோயம்புத்தூரில் நான் வேலை கற்ற பேக்கரியில் மிஞ்சிய கேக்கை உதிர்த்து, உருட்டி, மறுநாள் வேறு பெயரில் விற்பார்கள். அதுதான் முதலில் விற்றுத் தீரும். அந்த வியாழக்கிழமை பத்தரைக்குச் சுடலைமுத்துவின் கேன் நிறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அது ஞாபகம் வந்தது. மிஞ்சிய குரோசான்ட், டேனிஷ், பன் எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டு, பழம் சேர்த்து, பாலும் முட்டையும் அடித்த கஸ்டர்ட் ஊற்றி ஒரு பெரிய ட்ரேயில் புட்டிங்காகச் சுட்டால் என்ன? பதினோரு மணிக்குக் குளிரில் நடுங்கி வருகிறவன் கையில் சூடாக ஒரு தட்டைக் கொடுத்தால் என்ன? எனக்குக் கை பரபரத்தது. மறுநாள் கேனோடு வந்த மனிதரை வெறும் கேனோடு அனுப்பிவிட்டேன். பாவம், மாடு என்ன நினைத்ததோ.

3. வெள்ளிக்கிழமைக் களி

முதல் ட்ரே கேவலமாக வந்தது. கூச்சப்படாமல் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் அதையேதான் செய்வீர்கள்.

சீசனில் குற்றாலம் முழுக்கப் பழக்கடை. கடைவீதிக்குப் போய் அன்னாசி, ரம்புட்டான், மங்குஸ்தான் என்று கண்ணில் பட்டதை எல்லாம் வாங்கி வந்தேன். நமுத்த குரோசான்ட்டைப் பிய்த்துப் பரப்பி, பழத்தைப் பச்சையாக நறுக்கித் தூவி, பாலும் முட்டையும் சர்க்கரையும் அடித்து ஊற்றி, ஒரு மணி நேரம் ஊற விட்டு ஓவனில் வைத்தேன்.

எங்கள் இட்லி, தோசை செக்‌ஷன் மாஸ்டர் முருகையாவுக்கு என்னைக் கேலி செய்யாவிட்டால் சாப்பாடு இறங்காது. கரண்டியால் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னக்கா இது, கொழுக்கட்டைய யாரோ மிதிச்சிட்டுப் போன மாதில்லா இருக்கு?"

"பேசாம வாயில போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தார். "கசக்கு. பாலும் திரிஞ்சிருக்கு. மாடு திங்குமான்னு சுடலமுத்து அண்ணாச்சிட்டதான் கேக்கணும்."

கோபத்தில் கரண்டியைப் பிடுங்கி வைத்தேன். ஆனால் அவர் சொன்னது அத்தனையும் சரி. உட்கார்ந்து யோசித்தேன். நமுத்த குரோசான்ட் ஏற்கெனவே காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்து வயிறு நிறைந்திருக்கிறது. அதற்கு மேல் கஸ்டர்ட் உள்ளே போக இடம் ஏது? பச்சை அன்னாசி பாலோடு ஊறினால் பாலைத் திரித்துக் கசக்க வைத்துவிடும். மங்குஸ்தானோ சூடு பட்டால் மணத்தையும் ருசியையும் விட்டுவிடும். அது தோலை உடைத்து அப்படியே தின்கிற பழம், அதை ஓவனில் வைத்தது என் பேராசை.

சனிக்கிழமை எல்லாவற்றையும் மாற்றினேன். காலை பிரெட் வெளியே வந்த பிறகு தீயை அணைத்துவிட்டு, இறங்குகிற சூட்டில் குரோசான்ட் துண்டுகளைப் பரப்பி வைத்தேன். மத்தியானம் எடுத்தால் ரஸ்க் மாதிரி கலகலவென்று இருந்தது. நேந்திரன் ஏத்தம்பழத்தை வட்ட வட்டமாக நறுக்கி நெய்யில் புரட்டினேன். பலாச்சுளையை வெல்லப் பாகில் ஒரு கொதி விட்டேன். அன்னாசியை விட மனசில்லை, அதைச் சர்க்கரையில் நன்றாக வேக வைத்து அடக்கினேன்.

முருகையா எட்டிப் பார்த்தார். "யக்கா, அருவில குளிச்சிட்டு வாரவனுக்கு மொதல்ல எது வேணும்? சுக்கு. கஸ்டர்ட்ல ஒரு கை சுக்குப் பொடி போட்டுப் பாருங்க."

கேலி செய்கிற வாயிலிருந்து எப்போதாவது இப்படி ஒன்று வந்துவிடும். சுக்கும் ஏலக்காயும் போட்டேன். சின்ன ட்ரே ஒன்றை வெள்ளோட்டமாகச் சுட்டோம். மேலே பொன்னிறமாக முறுகி, உள்ளே கரண்டி அமிழ்ந்து போயிற்று. முருகையா ட்ரேயின் மூலையைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தார். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது.

4. துண்டு போர்த்திய முதலாளி

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோதே சாரல் வலுத்திருந்தது. மெயின் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. அத்தனை கூட்டமும் ஐந்தருவிக்குத் திரும்பிவிட்டது. எங்கள் கெஸ்ட் எல்லோரும் அங்கேதான் வரிசையில் நின்றார்கள். சிநேகிதர்கள் சிலர் வந்திருந்ததால் முதலாளியும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிளம்பிப் போயிருந்தார். சின்ன வயதில் குளித்தது, இப்போதுதான் மறுபடி என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

பத்து மணிக்குச் சட்டப்படி பஃபேயை மூடினோம். நான் இரண்டு பெரிய ட்ரேக்களை ஓவனில் ஏற்றினேன். ஒன்று முட்டை போட்டது, இன்னொன்று முட்டைக்குப் பதில் கஸ்டர்ட் பவுடர் கரைத்துச் செய்தது. பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால், மூடிய டைனிங் ஹாலைத் திறந்து ஒரு மேசையை இழுத்துப் போட்டு இரண்டையும் கொண்டுபோய் வைத்தேன். நெய்யும் சுக்கும் வெல்லமும் சேர்ந்த வாசனை படியேறி வரவேற்பறை வரை போயிற்று. வேலை போனாலும் போகட்டும் என்று நின்றேன். நாளைக்கு லாரி வரப்போகிறது, இனிமேல் பயந்து என்ன ஆகப் போகிறது?

முதலில் சிவகாசியிலிருந்து வந்த ஒரு குடும்பம். ஈரத் தலையோடு அந்த அம்மா மேசையைப் பார்த்து நின்றார். "டிபன் முடிஞ்சிருச்சுன்னாங்களே. இது என்னது? முட்டை இருக்கா?"

"இதுல உண்டு, அதுல இல்ல. எதுனாலும் சூடா இருக்கு."

அவ்வளவுதான். பின்னாலேயே வேனில் வந்தவர்கள், காரில் வந்தவர்கள், நடந்து வந்தவர்கள். பற்கள் தந்தியடிக்கத் தட்டை நீட்டினார்கள். கரண்டி என் கையை விட்டு இறங்கவில்லை. ஒரு பெரியவர் ஏத்தம்பழத் துண்டாகப் பார்த்துப் போடச் சொன்னார். ஒரு கல்லூரிப் பிள்ளை மூலை மட்டும் வேண்டும் என்றாள். மூலைக்கு அடிதடி. ஊரில் கோயில் கொடை நடக்கிற மாதிரி சத்தம்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் முதலாளி வந்து நின்றார். தலையில் துண்டு, உதடெல்லாம் நீலம். பூட்டியிருக்க வேண்டிய ஹாலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஒரு தட்டில் வைத்து நீட்டினேன். கேள்வி கேட்கத் திறந்த வாயில் முதல் கரண்டியைப் போட்டுக்கொண்டார். நின்றபடியே தட்டைக் காலி செய்தார். மறுபடி நீட்டினார். வைத்தேன்.

"எங்கன வாங்குன?" என்றார், வாயில் வைத்துக்கொண்டே.

"வாங்கல சார். முந்தாநாளும் நேத்தும் மிஞ்சுனது. ஒங்க வேஸ்ட்டுதான்."

அவர் தட்டைப் பார்த்தார். சிவகாசி அம்மா பக்கத்தில் வந்தார். "சார், நாங்க இன்னும் ரெண்டு நாள் இருக்கோம். நாளைக்கும் இது உண்டுதானே?"

"உண்டும்மா, கண்டிப்பா உண்டு" என்றார் முதலாளி. யோசிக்கவே இல்லை.

என் வாய் சும்மா இருக்குமா? "நாளைக்கு எப்படி சார்? ஓவன்தான் காலையில லாரில ஏறுதே."

ஹாலில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் காதில் போயிருந்த அருவித் தண்ணீரைத் துண்டால் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அந்த சங்கரன்கோவில் தம்பி நம்பர எடு. நான் பேசிக்கிடுதேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மூல எடத்துல கொஞ்சம் வையி" என்றார்.

நான் உள்ளே போய் ஓவன் கதவில் கையை வைத்துக்கொண்டு அழுதேன். சூடு சுட்டது. எடுக்கவில்லை.

5. மிச்சம் இல்லாத நாள்

அடுத்த வாரமே பஃபே நேரம் மாறியது. பத்து மணிக்குத் திறந்து ஒரு மணிக்கு மூடுவது என்று ஆயிற்று. காலை டிபனும் மத்தியானச் சாப்பாடும் சேர்ந்தது என்று பலகையில் 'பிரஞ்ச்' என்று எழுதி வைத்தார்கள். கெஸ்ட் எல்லோரும் அதைப் பதினோரு மணி புட்டிங் என்றே கேட்டார்கள். சாரல் நிற்கும் வரை ட்ரே காலியாகாத நாள் இல்லை.

நடுவில்தான் ஒரு வேடிக்கை நடந்தது. நேரம் சரியாகிவிட்டதால், பசியோடு வருகிறவர்கள் குரோசான்ட்டையும் சூடாகவே தின்று தீர்த்துவிட்டார்கள். ஒரு நாள் பன்கூட மிஞ்சவில்லை. மறுநாள் புட்டிங் இல்லை. சுடலைமுத்து ஏற்கெனவே என்மேல் கோபமாக இருந்தார், மாடு பழையபடி புண்ணாக்குக்கு இறங்கி வர மாட்டேன் என்கிறதாம். முருகையா "நல்லாச் சுட்டாலும் கஷ்டம், சுடாட்டாலும் கஷ்டம்" என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

சின்னவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் சரக்கு மிஞ்சினால் முதலில் சரக்கைக் குறை சொல்லாதீர்கள், ஓவனையும் அளக்காதீர்கள். சாப்பிட வருகிறவனுக்கு எப்போது பசிக்கிறது என்று போய்ப் பாருங்கள். முடிந்தால் நீங்களும் ஒரு தடவை அவனோடு அருவியில் நின்றுவிட்டு வாருங்கள்.

இப்போது தினமும் ஒரு ட்ரே குரோசான்ட்டை யார் கண்ணிலும் படாமல் மேல் தட்டில் துணி போட்டு மூடி வைக்கிறேன். முருகையா கை நீட்டினால், "அது மிச்சம், தொடாதய்யா" என்று தட்டிவிடுவேன். அந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம், புட்டிங் இல்லாத அந்த நாள்தான். அன்று பதினோரு மணிக்கு முதலாளி கிச்சன் வாசலில் வந்து நின்று, சங்கரன்கோவில்காரர் டேப் வைத்து அளந்த அதே நிலையைப் பிடித்துக்கொண்டு, உண்மையான கோபத்தோடு என்னைக் கேட்டார்:

"ஏன் கோமதி, நேத்து ஒண்ணுமே மிஞ்சலியா?"