மொன்றியலில் கேட்ட ‘விடு’

மாசி மாதத்து முதற் சனிக்கிழமை, காலை எட்டரை மணி. ரொக்ஸ்பரோவில் என் தம்பியின் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டோம். குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகை. மொன்றியல்-நோரிலுள்ள ஒரு பாடசாலையின் விளையாட்டு மண்டபத்துக்கு இருபது கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம். தம்பியின் மகள் தாரணி அங்கே இறகுப்பந்து இரட்டையர் ஆட்டத்தில் அரையிறுதி ஆடவிருந்தாள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்றுவரை அந்த ஆட்டத்தைக் கண்டவனல்லன்.

வழியில் தம்பி விடயத்தைச் சொன்னான்.

“அண்ணை, இண்டைக்குத்தான் மாகாண அணிக்குச் சோடிகளின்ர பேர் குடுக்கிற நாள். இவளும் மரீயும் மூண்டு வருசமா ஒண்டா ஆடுகினம். இப்ப இவையின்ர கோச், அந்த டென்மார்க்குக்காரன், ரெண்டு பேரையும் பிரிக்கப் போறானாம்.”

“ஏன், ஆட்டம் சரியில்லையோ?”

“ஆட்டம் திறம். ரெண்டு பேருக்கும் வாய்தான் சரியில்லை!”

“அப்பா, றோட்டைப் பாத்து ஓடுங்கோ” என்றாள் பின்னிருக்கையிலிருந்த தாரணி. “பெரியப்பா, வெளியால விழப்போற பந்தை அடிக்க வேண்டாமெண்டு நான் ‘லீவ்’ எண்டுதான் கத்துறன். அவள் நான் கெதியா அடிக்கச் சொன்னதா நிண்டு சாதிக்கிறாள்.”

ஒன்பதரை மணிக்கு மண்டபத்தை அடைந்தோம். நுழைவாயிலில் கோப்பி இரண்டு டொலர் எழுபத்தைந்து சதம். தாரணி உடலைச் சூடேற்றப் போனதும், ஆடுகளத்தின் ஓரத்து வாங்கில் பயிற்றுநருக்கு அருகே தம்பி என்னை அமர்த்தினான். அவர் பெயர் யெஸ்பர். ஐம்பது வயதைக் கடந்த நெடிய மனிதர். என் நெற்றித் திருநீற்றைப் பார்த்து, அது எதற்கென்று ஆங்கிலத்தில் நேரடியாகவே கேட்டார். முடிவில் எல்லாம் சாம்பலாகும் என்பதை மறவாதிருக்க என்றேன். “விளையாட்டுக்காரனுக்கு அதை முப்பத்து மூன்று வயதிலேயே தோள்மூட்டு சொல்லிவிடும்” என்று சிரித்தார்.

அவர் தம் வாழ்க்கையை ஒளிவின்றிச் சொன்னார். டென்மார்க்கின் சிற்றூர் ஒன்றில், ஊரார் சேர்ந்து நடத்திய மண்டபத்தில் எட்டு வயதில் மட்டையைப் பிடித்தவர். தனியாட்டத்துக்குக் கால் போதவில்லை. ஆகவே இரட்டையர் ஆட்டத்துக்கு வந்தார். ஒரே துணைவரோடு பதினொரு ஆண்டுகள் ஆடினார். ஜகார்த்தாவிலும் கோலாலம்பூரிலும் நிறைந்த அரங்குகள் அவர் பெயரைக் கூவியிருக்கின்றன.

“கடைசி ஆட்டத்தின் கடைசிப் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. விடும்படி என் துணைவன் கத்தினான். எனக்குத் தெளிவாகக் கேட்டது. இருந்தும் அடித்தேன், வலையில் விழுந்தது. பிறகு, கேட்கவில்லை என்று அவனிடம் பொய் சொன்னேன். அதை அவன் நம்பவில்லை. எங்கள் சோடி அன்றோடு முடிந்தது.”

தாரணியையும் மரீயையும் சுட்டிக்காட்டினார். “இவர்களிலும் ஒருத்தி பொய் சொல்கிறாள். அதை வைத்துக்கொண்டு மாகாணத்துக்கு அனுப்பமாட்டேன்.”

பதினொன்றே கால் மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மரீ அவ்வூர்ப் பெண், தாய்மொழி பிரெஞ்சு. பின்னால் நின்று ஆடினாள். வலையருகே தாரணி மின்னலாய் அசைந்தாள். எதிரணியின் பந்தொன்று உயரமாக எழுந்து எல்லையைத் தாண்டிப் போனது. தாரணி கத்தினாள். மரீ பாய்ந்து அடித்தாள், புள்ளி போயிற்று. முதற் சுற்றில் இவ்வாறு நான்கு முறை. பதினேழுக்கு இருபத்தொன்று என்று தோற்றார்கள்.

“பாருங்கள், எனக்கே ‘வித்’ என்றுதான் கேட்கிறது” என்றார் யெஸ்பர். “பிரெஞ்சில் அதற்கு ‘விரைந்து’ என்று பொருள். பிறகு, ‘விடச் சொன்னேன்’ என்று சத்தியம் செய்கிறாள்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஐயா, அவள் கத்தியது தமிழ். ‘விடு’ என்றாள். விட்டுவிடு என்று பொருள். வீட்டில் தாய் நாள்முழுதும் அவளுக்குச் சொல்லும் சொல் அது. தன் வாயில் தமிழ் வருவது அவளுக்கே தெரியாது. பின்வரிசையில் இருக்கும் தகப்பனுக்கும் ஆட்டச் சத்தத்தில் அது கேட்டிராது.”

அவர் எழுந்து, இரண்டு நிமிட இடைவேளையில் இருவரையும் அருகழைத்துச் சொன்னார். மரீ வாயைப் பொத்திக்கொண்டாள். தாரணி என்னை நோக்கி, “பெரியப்பா, உண்மையாவோ? நான் தமிழிலயோ கத்துறன்?” என்றாள்.

“ஓம் பிள்ளை, நல்ல யாழ்ப்பாணத் தமிழில்.”

“அப்ப இனி ஆராவது ‘வித்’ எண்டா மரீ அப்பிடியே நிக்கப்போறாள். பிறகெங்கை அவள் ஓடிப்போய் பஸ் பிடிக்கிறது!” என்று தம்பி பின்வரிசையிலிருந்து எடுத்துவிட்டான்.

இனி ‘நோ’ என்று மட்டுமே கத்தவேண்டும் என்பது யெஸ்பரின் கட்டளை. இரண்டாம் சுற்றை இருபத்தொன்றுக்குப் பதினாறென்று வென்றார்கள். மூன்றாம் சுற்று பத்தொன்பதுக்கு இருபதில் வந்து நின்றது. இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி. எதிரணி பந்தை உயர்த்தியது. பதற்றத்தில் கட்டளையை மறந்த தாரணி, மண்டபம் அதிர “விடு!” என்றாள். மரீயின் மட்டை பாதி வழி எழுந்து நின்றது. பின் அதைத் தாழ்த்தினாள். பந்து கோட்டின்மேலேயே விழுந்தது. உள்ளே. ஆட்டம் முடிந்தது.

தாரணி முகத்தை மூடிக்கொண்டாள். மரீ அவள் தோளில் கைபோட்டாள். யெஸ்பர் மாகாண அணிக்கான படிவத்தை எடுத்து, இருவரின் பெயரையும் ஒரே வரியில் எழுதினார்.

“தோற்றுவிட்டார்களே?” என்றேன்.

“கோட்டைக் கணிக்க ஒரு கிழமையில் பழக்கிவிடுவேன். துணை சொன்னால் விடுவதற்குப் பதினொரு ஆண்டுகளில் எனக்குப் பழக்கமாகவில்லை. இவள் விட்டாள்.” பின் கேட்டார்: “அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டா?”

அதன் முதலெழுத்தை நீட்டினால் வீடு. நாம் குடியிருப்பதும் அதுவே, பற்றெல்லாம் விட்டவர் சேரும் பேறும் அதுவே என்றேன். அவர் தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டார்.

மறுவாரம் ஊர் திரும்பினேன். ஐம்பது ஆண்டுகளாகச் சந்நிதியில் நின்று வீடு வேண்டிப் பாடிவருகிறேன். விட்ட பந்து கோட்டுக்கு உள்ளேயும் விழலாம் என்று அறிந்தே விடுகிறவருக்குத்தான் அது கிட்டும் என்பதை மொன்றியலில் ஒரு பெண் மட்டையைத் தாழ்த்தியபோதுதான் கண்டேன்.