என் மகள் கேட்காத குரல்

முதலில் கவனித்தவர் அண்ணாச்சிதான். தியாகராய நகரில் அவருடைய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு என்னுடையது. நாள் முழுக்கப் பேசும் வேலை.

"என்ன வே, தொண்டையில மணலைப் போட்டு அரைக்கிற மாதிரி பேசுதீரு?" என்றார்.

சளி என்றேன். மழைக்காலம் போய்ப் பங்குனி வெயில் வந்த பிறகும் கரகரப்பு போகவில்லை.

மயிலாப்பூரில் நாங்கள் செல்லும் சிறிய தேவாலயத்தில் பாட்டை எடுத்துக்கொடுப்பவன் நான். ஒரு ஞாயிறு, இரண்டாம் சரணத்தில் குரல் எழும்பவேயில்லை. என் மனைவி எஸ்தர் பாடி முடித்தாள். மறுநாள் அவளே என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள்.

டாக்டர் என் நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நீண்ட காம்புள்ள சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்துப் பார்த்தார். பிறகு பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது). குரல்நாணில் புற்று. எழுபதுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. அந்த நோயின் பெயரைச் சொல்லவே வீடுகளில் அஞ்சுவார்கள். எனக்கு வயது முப்பத்து நான்கு. பீடி, சிகரெட் தொட்டதில்லை. எனக்கு ஏன் வந்தது என்று கேட்டேன்.

"தெரியலை," என்றார் டாக்டர். அந்த நேர்மைக்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

கதிர்வீச்சு கொடுத்தார்கள். கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. எச்சில் வற்றியது. கட்டி சிறுத்து, மறுபடி வளர்ந்தது. இனி லாரிஞ்செக்டமிதான் (குரல்வளையை முழுதாக எடுத்துவிடுவது) என்றார்கள். அதன்பின் கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு, பேச்சு இராது.

எஸ்தருக்கு அப்போது ஆறு மாதம். பல ஆண்டுகள் காத்திருந்து உண்டான கர்ப்பம்.

"குழந்தை பொறக்கற வரைக்கும் தள்ளிப்போடலாமா டாக்டர்?" என்றாள்.

"அதுவரைக்கும் இவருக்கு மூச்சு அடைக்காம இருக்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா."

குழந்தையை ஒரே ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை என் குரல் இருக்கட்டும் என்று ஜெபித்தோம். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. சபையே எங்களுக்காக உபவாசம் இருந்தது. கட்டி காத்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று மாலை எஸ்தர் என் கட்டிலருகே அமர்ந்தாள். "பேரைச் சொல்லிடுங்க. உள்ள இருக்கறதுக்குக் கேக்குமாம்."

அவள் வயிற்றருகே குனிந்தேன். பையனுக்கு நினைத்திருந்த பெயரையும் பெண்ணுக்கு நினைத்திருந்த பெயரையும் சொன்னேன். வெறும் உரசல்தான் வந்தது.

"கேட்டுடுச்சு," என்று சொல்லிவிட்டு எஸ்தர் அழுதாள்.

அறுவைக்குப் பின் கண் விழித்ததும் அவளைக் கூப்பிட்டேன். உதடு அசைந்தது. கழுத்துக் குழாயில் காற்று சீறியது.

சபைப் பெரியவர் ஒருவர் பார்க்க வந்தார். "இன்னும் விசுவாசத்தோட ஜெபிச்சிருக்கணும்," என்றார்.

எஸ்தர் எழுந்து நின்றாள். "ஐயா, எங்ககிட்ட இருந்த விசுவாசம் பூராத்தையும் வச்சுதான் கேட்டோம். கர்த்தர் தரலை. இன்னமும் அவர்கிட்டதான் அழறோம்."

கிருபா பிறந்தாள். ஞானஸ்நானத்தன்று குருவானவர் பெயரைக் கேட்டபோது நான் வாயசைத்தேன், எஸ்தர் சொன்னாள். எல்லோரும் பாடினார்கள். நான் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

பல மாதங்கள் ஜெபிக்கவில்லை. எஸ்தர் வற்புறுத்தவில்லை. சாப்பிடும் முன் அவள் மட்டும் ஸ்தோத்திரம் சொல்வாள். சில நாள் பாதியில் அழுது நிறுத்திவிடுவாள். அப்படி ஒருநாள் அவள் விட்ட இடத்திலிருந்து என் உதடுகள் தொடர்ந்தன. மனம் ஒன்றும் ஆறிவிடவில்லை. வேறு யாரிடம் போவதென்று தெரியவில்லை.

இதே அறுவைக்காகக் காத்திருப்பவருக்கு: குளிக்கும்போது துளையில் நீர் புகாமல் காத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்குப் போனால் ஈரத்துணி கட்டிக்கொள்ளுங்கள், மணல் பறக்கும். மூக்கு வழியே காற்று போகாததால் மல்லிகையும் மீன்குழம்பும் மூக்குக்கு ஒன்றுதான். காற்றை விழுங்கி ஏப்பமாக வெளியேற்றிப் பேசப் பழக்குவார்கள். சிலருக்கு வருகிறது. எனக்கு வரவில்லை.

"குரல் போனா என்ன வே, சேலையை விரிச்சுக் காட்டக் கை இருக்குல்லா?" என்று அண்ணாச்சி மறுபடி சேர்த்துக்கொண்டார்.

கிருபாவுக்கு இப்போது மூன்று வயது. ஓயாமல் பேசுகிறாள், என்னிடம் தவிர. என்னைப் பார்த்தால் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைக்கிறாள். அப்பாவிடம் பேசும் முறை அதுவென்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அப்பாவுக்குக் காது கேக்கும்டி, சத்தமாச் சொல்லு," என்பாள் எஸ்தர். குழந்தை தலையாட்டிவிட்டு, மறுபடி மௌனமாக வாயசைக்கும்.

அவள் என்னை 'அப்பா' என்று கூப்பிட்டு நான் கேட்டதேயில்லை.

கேட்டதைக் கர்த்தர் தரவில்லை, காரணமும் சொல்லவில்லை. முன்பெல்லாம் காலம் வாரங்களாக ஓடியது. இப்போது மூச்சு மூச்சாக, கழுத்தில் தெரிந்து நகர்கிறது. வேலை முடிந்து வந்ததும் உடனே உள்ளே போவதில்லை. கதவுக்கு வெளியே நின்று, கிருபா தன் அம்மாவிடம் பேசுவதைக் கேட்கிறேன். அங்கேதான் என் ஸ்தோத்திரத்தைச் சொல்கிறேன். பிறகு கதவைத் திறக்கிறேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டு என்னிடம் ஓடி வருகிறாள்.