வாளிக்குள் பேசிய லேபிள்

நம்பாதவர்கள் பேசாலைக்கு வந்து மில்ரனின் மோதிரவிரலைப் பார்க்கலாம். வெறும் விரல். ஏனென்று கேட்டால் எழும்பிப் போய்விடுவான். எனக்குத் தெரியும். அவன் தன் மனைவி றோசம்மாவிடம் அழுது சொன்னதெல்லாம் கேட்டது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய வேலி.

மீனவர் சங்கத்து உயிர்காப்பு அங்கிகளைக் கொண்டுபோனவர்கள் திருப்பித் தருவதில்லை. ஒரு வீட்டில் அது தலையணை. அதனால் ஒவ்வொன்றிலும் ஆர்.எவ்.ஐ.டி லேபிள் வைக்கத் தீர்மானம். ரீடரை நீட்டினால் 'டீக்' என்னும். ஆருடைய அங்கி என்று திரையில் பெயர் விழும். எந்த லேபிள் நல்லது என்று தெரிவுசெய்யும் பொறுப்பு மில்ரனுக்கு. அவன் நடந்த நடையைப் பார்த்தால் மந்திரி என்று நினைப்பீர்கள்.

காகித லேபிள் உப்புக்காற்றில் உரிந்தது. பிளாஸ்டிக் வில்லை உடைந்தது. மிஞ்சியது, தைக்கிற துணி லேபிள். சங்க ஸ்டோரில் இருந்த கிணற்றுத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கினால் அதுவும் ஊமை. வெளியே எடுத்தால்தான் 'டீக்'. தண்ணீருக்குள் இருந்து எந்த லேபிளும் பேசாது என்று விற்றவனே சொன்னான்.

"கடலிலை ஒருக்காப் பார்ப்பம்" என்று ஒன்றை றோசம்மாவின் தம்பி பிரதீபனின் அங்கியில் தைத்தான்.

"அத்தான், நாங்கள் உந்த அங்கியைப் போடுறேல்லை. படகிலை குந்தியிருக்கத்தான்."

"நாளைக்குப் போடடா. எனக்குப் பரிசோதனை."

"சரி... உங்களுக்காக."

மறுநாள் மத்தியானம் வாடைக்காற்று ஏறியது. எல்லாப் படகும் கரைக்கு வந்தன. பிரதீபனும் படகுக்காரர் இராசேந்திரமும் போன படகைத் தவிர. றோசம்மா செபமாலையோடு கரையில் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மில்ரன் சங்க ஸ்டோருக்குள் போய், அங்கி எண்ணுகிற சாட்டில் ரீடரை எடுத்தான்.

டீக்.

திரையில்: பிரதீபன்.

பிரதீபனின் அங்கி தொங்கும் கொளுக்கி வெறுமை. ரீடரைத் திருப்பினான். கதவுப் பக்கம்... சத்தமில்லை. அலுமாரிப் பக்கம்... சத்தமில்லை.

வாளிப் பக்கம்...

டீக். டீக். டீக்.

உள்ளே தண்ணீர் மட்டும்தான். கையை விட்டான்.

அடி தட்டவில்லை.

தோள் வரை விட்டான்... அடியே இல்லை.

உள்ளேயிருந்து ஒரு கை அவன் கையைப் பிடித்தது.

உதறினான்.

வாளி கவிழ்ந்தது. விரலில் கலியாண மோதிரம் இல்லை. தரையெல்லாம் துழாவினான். கிடைக்கவில்லை. உதட்டில் தெறித்த தண்ணீர்...

உப்பு.

பின்னேரம் படகு வந்தது. பிரதீபனுக்கு உயிர் இருந்தது. அங்கியின் வார் வலையில் கொழுவி, வலையோடு அடிக்கு இழுபட்டானாம். இராசேந்திரம் குதித்து வலையை வெட்டித்தான் எடுத்தார். றோசம்மா கட்டிப்பிடித்துக் குழறினாள். நானும் அழுதேன். ஆனால் கண்ணை மூடவில்லை; அதனால்தான் பார்த்தேன்.

பிரதீபன் அவள் கையை விலக்கினான். நேரே மில்ரனிடம் வந்து, பொத்தியிருந்த கையை விரித்தான். மோதிரம். உள்பக்கத்தில் 'றோசம்மா' என்று வெட்டியிருந்தது.

"நீங்கள்தானே கையைத் தந்தனீங்கள்... பிறகேன் அத்தான் உதறினனீங்கள்?"